நிமிடத்துக்கு அறுபத்திரண்டு

யுராக்மாச்சாய் பள்ளிக்கு நான் ஏறிச் சேர்ந்தபோது
மணி பத்தேகால், புதன்கிழமை.
கரும்பலகையில் இன்னும் போன வியாழன்.
தேதிக்குக் கீழே பாதி அழிந்த வகுத்தல் கணக்கு,
மீதி மட்டும் தெளிவாக இருந்தது.

பதினோரு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஓர் அறை.
கீழ்வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்
சார் வர நான்கு நிமிடம், அதற்குள் பெருக்கிவிடலாம்
என்றான் வில்பெர், ஆறாம் வகுப்பின் ஒரே மாணவன்.
சத்தம் கேட்டதும்
என் நிறுத்துக்கடிகாரத்தை வாங்கிச் சரிபார்த்தான்.
நான்கு நிமிடம், ஒன்பது நொடி.
இன்றைக்கு எதிர்காற்று, என்றான்.

ஆசிரியரைப் பற்றிக் கடுமையாக எழுதத்தான் நினைத்திருந்தேன்.
செவ்வாய் முழுக்கக் கல்வி அலுவலகத்தில்
புத்தகத்துக்காக நின்றாராம் எதில்பெர்த்தோ.
பையைத் திறந்தார். நான்கு புத்தகங்கள்.
நான்கும் ஐந்தாம் வகுப்புக்கு.
ஐந்தாம் வகுப்பில் யாரும் இல்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அடுப்பைப் பற்றவைத்தார்.
கஞ்சி கொதிப்பதற்குள்
இரண்டாம் வகுப்புக்குக் கூட்டல்
நான்காம் வகுப்புக்கு எலும்புகளின் பெயர்
முதல் வகுப்பின் இரண்டு வாண்டுகளுக்கு
'வரையுங்கள்' என்று ஒரே ஒரு சொல்.
மார்ச்சிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் வந்தது அளக்க.
ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறது,
அவ்வளவுதான் என் வேலை.
நெலிடா, மூன்றாம் வகுப்பு.
'கடற்கரையில் அனா' என்று தலைப்பு.
பொத்தானை அழுத்தினேன்.

முற்றுப்புள்ளிகளைத் தாண்டித் தாண்டி ஓடினாள்,
அல்பாக்கா மந்தை ஓடையைத் தாண்டுவதுபோல.
அறுபத்திரண்டு சொல். பிழை இல்லை.
எதில்பெர்த்தோ கரண்டியை உதறியபடி
பானைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

அனா ஏன் அழுதாள்? ஸ்பானிஷில் கேட்டேன்.
கடைசி வாக்கியத்தை ஒப்பித்தாள்.
அனா எதைத் தொலைத்தாள்?
கடைசி வாக்கியம்.
அனா யாரோடு போனாள்?
கடைசி வாக்கியம், இம்முறை மெதுவாக,
காது கேளாதவருக்குச் சொல்வதுபோல.

கேள்விகளை மொழிபெயர்க்கக் கூடாது
என்பது விதி எண் ஆறு.
கெச்சுவாவில் கேட்டேன்.
பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம்
எனக்குத் தெரியாது என்று சொல்லிவைத்திருந்த மொழி.
உதைத்து உதைத்துத்தான் கிளம்பியது.

நெலிடா நிமிர்ந்தாள்.
புத்தகத்தை என் பக்கம் திருப்பி விரல் வைத்தாள்.
இதுதான் எனக்கும் புரியவில்லை:
ஓலா வந்து அனாவின் செருப்பைக் கொண்டுபோனது.
ஓலா என்றால் வணக்கம்தானே?
வணக்கம் எப்படிச் செருப்பைக் கொண்டுபோகும்?

அலையும் வணக்கமும் ஸ்பானிஷில் ஒரே ஓசை.
எழுதும்போது மட்டும்
ஒலிக்காத ஓர் எழுத்து நடுவே நிற்கும்.
சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.
அலைக்குக் கெச்சுவாவில் என்ன பெயர்?
எனக்குத் தெரியவில்லை, எதில்பெர்த்தோவுக்கும் தெரியவில்லை.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்.

அவர்தான் பானையைப் பிடித்து ஆட்டினார்.
கஞ்சி விளிம்புவரை வந்து திரும்பியது.
இதுதான். ரொம்ப ரொம்பப் பெரிதாக.
பதினோரு பேரும் அடுப்பைச் சுற்றி.
இன்னொரு தடவை சார், இன்னொரு தடவை.
வாண்டுகளில் ஒருத்தி ஓடிப்போய் அதை வரைந்தாள்.

வாசிப்பு வேகம்: மிக நன்று.
புரிதல்: ஐந்துக்குப் பூஜ்யம்.
வேறு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் கஞ்சிக் கறை இருக்கிறது,
மேலதிகாரி அதைக் குறித்துக் கேட்கக்கூடும்.

கிளம்பும்போது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் நெலிடா.
அலை புரிந்துவிட்டது, ஆனாலும்...
என்று இழுத்தாள்.
நீங்களும் காலையில் வந்ததும்
ஓலா என்றுதானே சொன்னீர்கள்.

டயர் செருப்புப் போட்ட கால் இரண்டையும்
பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.